அணையில்லாத மின்நிலையம்

இலங்கையின் சப்ரகமுவ மலைச்சரிவில் ஓர் ஓடைக்கரை. தகரக் கூரை போட்ட சின்ன அறைக்குள் ஓர் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய தொட்டி ஒன்று. மின்கேத்தலுக்குள் இருக்குமே, அதுபோன்ற சூடேற்றும் கம்பிகள் அதற்குள் கிடக்கின்றன. நண்பகலில் போய்ப் பார்த்தால் தொட்டியிலிருந்து ஆவி பறக்கும். அந்தச் சுடுதண்ணீர் யாருக்கும் தேவையில்லை. ஊர் கூடிக் கல் சுமந்து, வாய்க்கால் வெட்டி, குழாய் பதித்துப் பெற்ற மின்சாரத்தில் பெரும்பகுதி பகல் முழுக்க இப்படித்தான் போகிறது.

முதன்முறை பார்ப்பவருக்கு இது வீண்செலவாகத் தெரியும். ஆனால் அந்தத் தொட்டி இல்லாவிட்டால் இரவில் அந்த ஊரில் ஒரு மின்குமிழும் உருப்படியாக எரியாது. இது ஏன் என்று புரிந்தால் சிறு நீர்மின் நிலையம் முழுவதும் புரிந்த மாதிரி. பெரிய நீர்மின் நிலையத்தைச் சுருக்கிச் செய்தது இது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் மழைக்காலத்துத் தண்ணீரை மாதக்கணக்கில் பிடித்துவைக்கின்றன. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். ஓடைக்கரை நிலையத்துக்குச் சேமிப்பு என்பதே கிடையாது. இந்த நிமிடம் ஓடையில் வருவது இந்த நிமிடமே மின்சாரமாகிவிட வேண்டும். அதன் வடிவம், சிக்கல், கணக்கு எல்லாமே இந்த ஒரு குறையிலிருந்து பிறந்தவை.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஒரு லீட்டர் தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தால் அதில் ஏறக்குறைய 10 வாட் சக்தி இருக்கிறது. குழாயின் உராய்வில் கொஞ்சம், சுழலியில் கொஞ்சம், மின்னாக்கியில் கொஞ்சம் என்று போனபின் சிறிய நிலையங்களில் பாதிதான் கைக்கு வரும். ஆகவே விநாடிக்கு எத்தனை லீட்டர், எத்தனை மீட்டர் உயரம், இரண்டையும் பெருக்கி மறுபடி ஐந்தால் பெருக்கினால் எத்தனை வாட் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். இந்தத் துறையில் இருப்பவர்கள் மனக்கணக்காகப் போடும் கணக்கு இதுதான். விநாடிக்கு 10 லீட்டர், 60 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். 3,000 வாட், அதாவது 3 கிலோவாட் வரும். வீட்டுக்கு 100 வாட் என்று பிரித்தால் முப்பது வீடு. மலையோரக் கிராமம் ஒன்றுக்கு இது போதுமான அளவு.

இந்தக் கணக்கில் உயரமும் நீரளவும் சமமாகத்தான் நிற்கின்றன. ஆனால் நடைமுறையில் உயரம்தான் மலிவு. 600 லீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் விழவைத்தாலும் அதே சக்திதான். அதற்கு வாய்க்காலும் சுழலியும் பிரமாண்டமாக வேண்டும். 10 லீட்டரை 60 மீட்டர் விழவைக்க ஒரு குழாய் போதும். மலைநாட்டில் சிறு ஓடைகள்கூட மின்சாரம் தருவதும், சமவெளியில் பெரிய ஆறு சும்மா ஓடுவதும் இதனால்தான்.

இரண்டையும் அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுவர் எழுப்பும் மேசன்மார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் ஊற்றிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஆள் உயரம் ஆள் உயரமாகச் சரிவில் இறங்கினால் மொத்த இறக்கம் தெரிந்துவிடும். நீரளவுக்கு ஒரு தார்ப் பீப்பாயே போதும். 200 லீட்டர் பீப்பாய் இருபது விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லீட்டர். எப்போது அளக்கிறோம் என்பதில்தான் ஆளை விழுத்தும் குழி இருக்கிறது. மேற்குச் சரிவுகளில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியபின் எந்த ஓடையும் பெரிய ஆறு மாதிரித்தான் பாயும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் போய் அளக்க வேண்டும். “எங்கட ஓடை ஒருநாளும் வற்றாது” என்று ஊரில் எல்லாருமே சொல்வார்கள். வற்றாதுதான். ஆனால் விநாடிக்கு 10 லீட்டர் 3 லீட்டராகிவிட்டால் முப்பது வீடு ஒன்பது வீடாகிவிடும்.

தண்ணீர் போகும் பாதையைப் பார்ப்போம். ஓடைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு தடுப்பு. நீரைத் தேக்குவது அதன் வேலையல்ல, கொஞ்சத்தைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டால் போதும். மலையின் சமமட்டக் கோட்டை ஒட்டி, கிட்டத்தட்டத் தட்டையாகவே வாய்க்கால் போகும். ஓடை கீழே இறங்க இறங்க வாய்க்காலுக்கும் ஓடைக்கும் இடையே உயர வித்தியாசம் கூடிக்கொண்டே வரும். நடுவில் ஒரு வண்டல் தொட்டி. அங்கே நீர் நின்று நிதானித்துப் போவதால் மணல் அடியில் தங்கிவிடும். இதைக் கட்டாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். மணல் கலந்த நீர்த்தாரை உப்புத்தாள் போல, உலோகத்தையே அரித்துவிடும். வாய்க்காலின் கடைசியில் முகத்தொட்டி, அதில் இலை தழையை வடிக்கும் கம்பிவலை. மழைநாளில் அந்த வலையைக் கையால் துப்புரவு செய்வதுதான் இந்த நிலையத்தின் மிக முக்கியமான பராமரிப்பு வேலை என்றால் பொறியியல் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வலை அடைத்துக்கொண்டால் குழாயில் காற்று ஏறும், விளக்கு துடிக்கும், பிறகு அணையும். இரவு எட்டு மணிக்கு, கொட்டும் மழையில், அட்டைக்கடிக்கு நடுவே யாராவது ஒருவர் டோர்ச் எடுத்துக்கொண்டு மேலே ஏறியே ஆக வேண்டும்.

முகத்தொட்டியைச் சேமிப்புத் தொட்டி என்று நினைத்துவிடக்கூடாது. 6,000 லீட்டர் கொள்ளும் தொட்டி, விநாடிக்கு 10 லீட்டர் போனால், பத்தே நிமிடத்தில் காலி. நீரின் ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளவே அது.

அங்கிருந்து அழுத்தக் குழாய் நேரே கீழே இறங்குகிறது. பணத்தில் பெரும்பங்கை விழுங்குவது பெரும்பாலும் இதுதான், ஆகவே மிச்சம்பிடிக்கும் ஆசையும் இங்கேதான் வரும். 200 மீட்டர் நீளக் குழாய் என்று வைப்போம். நான்கு அங்குலக் குழாயில் விநாடிக்கு 10 லீட்டர் போனால் உராய்வில் சுமார் 3 மீட்டர் உயரத்துக்குச் சமமான சக்தி இழப்பாகும். 60 மீட்டரில் 3 மீட்டர் என்றால் பரவாயில்லை. விலை பார்த்து இரண்டு அங்குலக் குழாய் போட்டால்? பாதி விட்டம் என்றால் இழப்பும் இரண்டு மடங்கு, மிஞ்சினால் நான்கு மடங்கு என்று தோன்றும். உண்மையில் ஏறக்குறைய 32 மடங்கு. 3 மீட்டர் 90 மீட்டரைத் தாண்டிவிடும். இருக்கும் உயரமே 60 மீட்டர்தான்! அந்தக் குழாயில் 10 லீட்டர் தண்ணீர் போகவே போகாது. விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும் விதி, மலைச்சரிவில் ஒரு ஊரின் உழைப்பையே காவுகொள்ளக்கூடியது.

குழாயின் அடியில் நீரழுத்தம் கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கே ஒரு கூம்பு முனை. அதன் வாயிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள நீர்த்தாரை மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. எதிரே ஒரு சக்கரம், சுற்றிலும் இரட்டைக் கிண்ணங்கள். கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில் வேலை செய்த லெஸ்டர் பெல்டன் 1880-ல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. கிண்ணத்தின் நடுவே ஒரு கூர்விளிம்பு. தாரை அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து, கிண்ணத்தின் வளைவில் வழுக்கி, ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்புகிறது. சக்கரத்தின் விளிம்பு தாரையின் வேகத்தில் பாதியளவில் ஓடும்போது, திரும்பிய தண்ணீரிடம் வேகமே மிஞ்சியிருக்காது. செத்த தண்ணீராகக் கீழே கொட்டும். இருந்த வேகம் முழுவதும் சக்கரத்துக்குப் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வெளியேறும் தண்ணீர் இன்னும் சீறிக்கொண்டு போனால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது.

60 மீட்டர் உயரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்ற வேண்டிய சக்கரத்தின் விட்டம் இருபது சென்ரிமீட்டர்தான் வருகிறது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. முப்பது வீட்டுக்கு வெளிச்சம் தருவது அவ்வளவு சின்னச் சக்கரம். 1,500 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு: நான்கு காந்தமுனைகள் கொண்ட மின்னாக்கி அந்த வேகத்தில் சுற்றினால்தான் நம் வீட்டு மின்சாரத்துக்குரிய 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் வரும். உயரம் குறைந்து நீர் கூடுதலாக உள்ள இடங்களில் நீர் சக்கரத்துக்குள் ஒருமுறை புகுந்து குறுக்கே கடந்து மறுபக்கம் வெளியேறும் குறுக்குப்பாய்ச்சல் சுழலியைப் போடுவார்கள். தகடு வெட்டவும் ஒட்டவும் தெரிந்த உள்ளூர்ப் பட்டறையிலேயே அதைச் செய்துவிடலாம்.

மின்னாக்கி என்று தனியாக ஒன்றை வாங்க வேண்டுமா? பல ஊர்களில் வாங்கவில்லை. ஆலைகளில் ஓடும் சாதாரண மோட்டாரையே பின்பக்கமாக வேலை வாங்கினார்கள். மின்சாரம் கொடுத்தால் சுற்றும் மோட்டார், நாம் அதைச் சுற்றிவிட்டு மின்தேக்கிகளையும் சரியாக இணைத்துவிட்டால் மின்சாரம் தரும். அதன் இரும்பில் மிச்சமிருக்கும் துளிக் காந்தத்தன்மையே தொடக்கப் புள்ளி. மின்தேக்கிகள் அதை ஊட்டி வளர்க்கும். நீண்ட நாள் நின்றுபோய் அந்தக் காந்தம் மங்கிவிட்டால் ஒரு பற்றரியைக் கணநேரம் தொடவைத்து உசுப்பிவிடுவார்கள். தூரிகை இல்லை, தேய்மானம் குறைவு, எரிந்துபோனால் கம்பி சுற்றித்தர டவுனில் ஆள் உண்டு. குறை என்று பார்த்தால் ஒன்றுதான்: அளவுக்குமேல் பாரம் ஏற்றினால் இந்த மோட்டார்-மின்னாக்கி முனகிக்கொண்டு இழுக்காது, மின்னழுத்தத்தையே கைவிட்டுவிடும். ஒரு வீட்டில் இஸ்திரிப்பெட்டி, இன்னொரு வீட்டில் சோறு சமைக்கும் குக்கர், மூன்றாவது வீட்டில் இன்னொரு இஸ்திரிப்பெட்டி. 3 கிலோவாட் அத்தோடு சரி, ஊரே இருட்டு. இயந்திரத்துக்கு அது நல்லது, எரியாமல் தப்பிக்கும். இஸ்திரி போட்ட வீட்டுக்காரருக்கு அவ்வளவு நல்லதல்ல.

இப்போது அந்தச் சுடுதண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பலாம்.

தாரை ஒரே வேகத்தில் சக்கரத்தைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்கு எதிர்ப்பாக நிற்பது ஊரில் எரியும் விளக்குகள்தான். இரவு பத்து மணிக்கு எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். தள்ளல் அப்படியே இருக்கிறது, எதிர்ப்புப் போய்விட்டது. சக்கரம் வேகமெடுக்கும், தடுக்காவிட்டால் வழக்கமான வேகத்தைப்போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்குவரை போகும். மின்னழுத்தம் எகிறும். அணைக்காமல் விட்ட ஒன்றிரண்டு விளக்கும் தொலைக்காட்சியும் கருகிவிடும். பெரிய நிலையத்தில் இதற்கு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. தேவை குறைந்ததும் நீர்வழியைத் தானே மூடும், தண்ணீர் நீர்த்தேக்கத்தில் பத்திரமாக இருக்கும். ஓடைக்கரையில் நீரைச் சட்டென்று மூட முடியாது. நீளக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் அதன் உந்தம் அழுத்தமாக மாறிக் குழாயையே பிளந்துவிடும். அதுவுமின்றி மூடி மிச்சம்பிடிக்கும் தண்ணீரை வைக்க இடமும் இல்லை.

எனவே வேறு வழி கண்டார்கள். நீரைக் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டுப் பாரத்தைக் கட்டுப்படுத்துவது. சுவரில் மாட்டிய ஒரு மின்னணுப் பெட்டி ஒவ்வொரு கணமும் கவனித்துக்கொண்டிருக்கும். ஊர் 3,000 வாட்டில் 800 வாட்தான் எடுக்கிறது என்றால் மீதி 2,200-ஐத் தொட்டிக் கம்பிகளுக்குத் திருப்பும். ஒருவர் தொலைக்காட்சியைப் போட்டால் அந்த எழுபது வாட்டைத் தொட்டியிலிருந்து பிடுங்கி அவருக்குக் கொடுக்கும். மின்னாக்கியைப் பொறுத்தவரை பாரம் எப்போதும் ஒன்றே. அதனால் வேகமும் ஒன்றே. வெந்நீர் என்பது அந்தச் சமநிலையின் விலை. கோடைமழையில் இடி விழுந்து முதலில் போவதும் இந்தப் பெட்டிதான், ஊரில் யாராலும் திருத்த முடியாததும் இதுதான்.

சேமிப்பில்லாத மின்சாரத்துக்கு மிகவும் பொருந்திய ஒரு வேலை ஒருகாலத்தில் இருந்தது. மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் பல ஓடைக்கரையிலேயே எழுந்தவை. முதலில் நீர்ச்சக்கரம், பிறகு இங்கிலாந்தின் கெண்டலிலிருந்து கில்க்ஸ் போன்ற கம்பனிகள் அனுப்பிய சுழலிகள். தொடக்கத்தில் மின்சாரமே இல்லை. சுழலியின் தண்டிலிருந்து தோல்பட்டைகள் போய் கொழுந்து உருட்டும் இயந்திரங்களை நேரே ஓட்டின. மழை பெய்தால் கொழுந்து கூடும், அதே மழையில் ஓடையும் பெருகும். வரட்சியில் கொழுந்து குறையும், ஓடையும் மெலியும். வேலையும் விசையும் ஒரே வானத்தைப் பார்த்துக் கிடந்தன. நீர்த்தேக்கம் இல்லாத குறையை அங்கே யாரும் உணர வேண்டியிருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவுக்குள் தோட்டங்களில் இப்படிப்பட்ட சிறு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தொழிற்சாலைக்கு விசை, துரை பங்களாவுக்கு வெளிச்சம். அதே ஓடையின் கீழ்க்கரையில் இருந்த தொழிலாளர்களின் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் குப்பி விளக்குத்தான். அந்தச் சில நூறு யார் கம்பியை இழுக்காமல் விட்டதற்குப் பொறியியல் காரணம் எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

1912-ல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் ஒரு சிறு நிலையத்தை அமைத்த பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918-ல் மஸ்கெலியாப் பக்கத்து நீரிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப்போட்டுக் காட்டினார். அந்த எண்ணத்தில் பிறந்த லக்சபான நீர்மின் நிலையம் 1950-ல்தான் ஓடத் தொடங்கியது. தேசிய மின்வலை தோட்டங்களை எட்டியதும் சொந்தச் சுழலியைப் பராமரிப்பது தேவையற்ற தொல்லையாகிவிட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசு கைக்குப் போயின; ஓடைக்கரை இயந்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் துருப்பிடித்தன. எண்ணெய் விலை ஏறிய பிறகே அவற்றைத் தூசி தட்டிப் பார்க்கும் எண்ணம் வந்தது.

கிராம நிலையங்கள் அதற்குப் பிந்திய கதை. மின்வலை எட்டாத ஊர்களில் கார் பற்றரியைத் தோளில் சுமந்து டவுனுக்குப் போய் மின்னேற்றிவந்து தொலைக்காட்சி பார்த்த காலம் அது. 1990-களில் இடைநிலைத் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழு என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் உள்ளூர்ப் பட்டறைகளோடு சேர்ந்து இந்தச் சின்னச் சுழலிகளைப் பரப்பியது. 1997-க்குப் பிறகு உலக வங்கிக் கடன் திட்டங்களும் கைகொடுத்தன. வாய்க்கால் வெட்டியது சிரமதானம். ஊர்கூடி மின் பாவனையாளர் சங்கம் அமைத்து, வீட்டுக்கு இத்தனை வாட், மாதம் இவ்வளவு காசு, மாலையில் இஸ்திரிப்பெட்டி கூடாது என்று சட்டம் வைத்தார்கள். மீற்றர் இல்லை. அது தேவையும் இல்லை: ஓடும் தண்ணீருக்கு யூனிட் கணக்குப் பார்த்து என்ன பயன்? ஒரே நேரத்தில் எத்தனை வாட் இழுக்கிறாய் என்பதுதான் கேள்வி. தோட்டத் தொழிற்சாலைக்குக் கிடைத்த பொருத்தம் ஊருக்குக் கிடைக்கவில்லை. ஓடை நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடுகிறது. ஊருக்கு மின்சாரம் வேண்டியது மாலை ஆறிலிருந்து பத்துவரை.

1990-களின் நடுவில் வேறொரு வாசலும் திறந்தது. 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட தனியார் நிலையங்களிடமிருந்து மின்சாரம் வாங்க இலங்கை மின்சார சபை ஒரே மாதிரியான ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. மின்வலையோடு இணைந்துவிட்டால் சேமிப்பில்லாத குறை மறைந்துவிடும். வருவதையெல்லாம் வலை வாங்கிக்கொள்ளும், வெந்நீர்த் தொட்டி வேண்டாம். இன்று இந்த வகை நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு 400 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் இங்கே ஓர் ஓடையின் கணக்கும் இருக்கிறது. தடுப்புக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஓடை தன் தண்ணீரை இழக்கிறது. கிராம நிலையத்தில் அது இருநூறு முந்நூறு மீட்டர், எடுப்பதும் ஒரு பங்கு. மெகாவாட் கணக்கில் எடுக்கும்போது அது கிலோமீட்டர்களாகிறது, வரட்சியில் பாறை மட்டும் மிஞ்சுகிறது. சிங்கராஜ வனத்தை ஒட்டிய ஓடைகளில், இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழும் நீரில், இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது நியாயமே. அணை இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று சொல்வது விளம்பரப் பேச்சு.

மின்வலை கடைசியில் கிராமங்களையும் எட்டியது. 2016-க்குள் நாடு ஏறக்குறைய முழுமையாக மின்மயமாகிவிட்டது. குக்கரும் இஸ்திரிப்பெட்டியும் விரும்பிய நேரத்தில் போடலாம் என்றான பின், மழையில் கம்பிவலையைத் துப்புரவு செய்ய மேலே ஏற யாருக்கும் மனம் வரவில்லை. அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஓடைக்கரை அறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

அந்த அறையை மின்வலையோடு இணைத்தால் என்னவாகும்? 3 கிலோவாட் இயந்திரம் மாலையில் நான்கு மணிநேரம் ஊருக்குத் தந்தது நாளொன்றுக்கு அதிகபட்சம் 12 யூனிட். ஓடையில் நீர் உள்ள நாளெல்லாம் இரவு பகலாக வலைக்குத் தந்தால் 72 யூனிட். அந்த மோட்டார்-மின்னாக்கிக்கு வலையோடு இணைவது இயல்பானது. அதிர்வெண்ணை வலையே பிடித்துக்கொள்ளும், மின்தேக்கியும் தொட்டியும் வேண்டாம். வலை அறுந்தால் தானும் விலகிக்கொள்ளும் பாதுகாப்புக் கருவி, இருவழி மீற்றர், மின்மாற்றிவரை கம்பி, ஓடை நீருக்கு அனுமதி, சங்கத்தைக் கம்பனியாக்கிக் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் ஆகியவை வேண்டும். மெகாவாட் நிலையத்துக்கு இவை சில்லறைச் செலவு. 3 கிலோவாட்டுக்கு அந்தப் பட்டியலே சுழலியைவிட விலை கூடியது. சில ஊர்கள் அந்தப் படியையும் ஏறிவிட்டன. மற்ற இடங்களில் வாய்க்கால் இன்னும் இருக்கிறது, வயலுக்குப் பாய்கிறது.